ஒரு பிளேன்ரீக்குள் என்ன இருக்கிறது?

மட்டக்களப்பில் ஒரு வீட்டுப் படியேறினால் "இரிங்க" என்ற சொல்லுக்கு அடுத்ததாகத் தேத்தண்ணிதான் வரும். குடிக்கிறீர்களா என்று கேட்பதெல்லாம் ஒரு பேச்சுக்கு. அதற்குள் அடுப்பில் கேத்தல் ஏறியிருக்கும். விடிய ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, இடையில் யாராவது வந்தால் அவர்களோடு சேர்ந்து இன்னொன்று. இவ்வளவு குடிக்கிற நாம், அந்தக் கோப்பைக்குள் இருப்பது என்ன, ஒரு நாள் நன்றாக இருந்தது மறுநாள் ஏன் சப்பென்று போகிறது என்று யோசிப்பது குறைவு.

பாலும் சீனியும் தாராளமாகப் போட்டே பழகியவர்களையும், பிளேன்ரீ என்றால் பால் வாங்கக் காசில்லாத நாளின் தேத்தண்ணி என்று நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மா கிடைக்காமல் எத்தனையோ கடைகளில் பால்ரீ நின்றுபோனது. வேறு வழியில்லாமல் பிளேன்ரீக்கு மாறியவர்களில் சிலர், பால்மா திரும்பி வந்த பிறகும் பிளேன்ரீயை விடவில்லை. அவர்களுக்கு அதில் ஏதோ பிடித்துப்போய்விட்டது. அது என்னவென்று தெரிந்து குடித்தால் சுகம் கூடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரு சின்ன வேலை. சீனி போடாத பிளேன்ரீயில் ஒரு மிடறு எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருங்கள். மூன்று விஷயங்கள் தனித்தனியாகத் தெரியும். ஒன்று சாயம்: கோப்பையில் தெரியும் நிறமும், வாயில் தெரியும் கனமும். இரண்டாவது துவர்ப்பு: நாக்கின் பக்கங்களும் கன்னத்தின் உட்புறமும் லேசாக இறுகி உலர்ந்த மாதிரி இருக்கும். இது கசப்பிலிருந்து வேறானது. கசப்பை நாக்கு ருசியாக உணர்கிறது; துவர்ப்பு தொடுகையாக வருகிறது. தேயிலையிலுள்ள பொலிஃபீனோல் என்ற பொருட்கள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் எச்சிலின் வழுவழுப்புக் குறைகிறது, வாய் இறுகுகிறது. மூன்றாவது மணம். இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: விழுங்கியவுடன் வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சை விடுங்கள். தேயிலையின் மணத்தில் பெரும்பங்கு அப்போதுதான் தெரியவரும். தடிமன் பிடித்த நாளில் தேத்தண்ணி வெறும் சுடுதண்ணியாகிப்போவது இதனால்தான்.

இந்த மூன்றும் எங்கிருந்து வருகின்றன?

கிறீன் ரீயும் நம்முடைய கறுப்புத் தேயிலையும் ஒரே செடி. பறித்த கொழுந்தின் காய்ந்த எடையில் ஏறத்தாழ கால்வாசி பொலிஃபீனோல்கள். கொழுந்தைத் தட்டில் பரப்பிக் காற்றில் பல மணி நேரம் வாடவிடுவார்கள். பிறகு உருட்டி நசுக்குவார்கள். நசுங்கும்போது இலையின் கலங்கள் உடைந்து, உள்ளிருக்கும் நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் பொலிஃபீனோலோடு சேர்கின்றன. பச்சை இலை செம்புநிறமாகிறது. இந்த நேரத்தில்தான் இரண்டு புதிய பொருட்கள் உண்டாகின்றன. தியாஃபிளேவின் என்பது தேத்தண்ணிக்குப் பளிச்சென்ற பொன்னிறத்தையும் நாக்கைத் தட்டியெழுப்பும் துடிப்பையும் கொடுக்கிறது. தியாருபிஜின் ஆழ்ந்த சிவப்பையும் கனத்தையும் கொடுக்கிறது. போதும் என்ற கட்டத்தில் சூடான காற்றில் உலர்த்தி நொதியத்தை நிறுத்திவிடுவார்கள். எப்போது நிறுத்துவது என்பதில்தான் தொழிற்சாலைக்காரரின் கைப்பழக்கம் இருக்கிறது. முந்தினால் தேத்தண்ணி பச்சை வாடை அடிக்கும்; பிந்தினால் நிறம் மட்டும் இருக்கும், உயிர் இருக்காது. கிறீன் ரீக்குப் பறித்த கொஞ்ச நேரத்திலேயே சூடுகாட்டி நொதியத்தை நிறுத்திவிடுவதால் அது பச்சையாகவே நிற்கிறது.

1 கிலோ தேயிலைக்கு நாலு, நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால் கிள்ளிச் சேர்த்தது அவ்வளவும். 1867இல் ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட கதையைப் பள்ளியில் படித்திருப்போம். கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்த பிறகு அந்த மலைகளையெல்லாம் தேயிலையாக மாற்றியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் மொழிக்காரர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளின் நாட்கூலி பற்றிய பிரச்சினை இன்னும் ஓயவில்லை. நாம் காலையில் உறிஞ்சுகிற சுகத்தின் விலை பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேசவேண்டும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேயிலை மலைநாட்டுச் சங்கதி, கடற்கரையில் இருக்கும் நமக்கும் அதற்கும் குடிப்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லை என்று நினைக்கிறோம். உண்மையில் நம் முகத்தில் அடிக்கிற கச்சான் காற்றுத்தான் இலங்கையின் மணமான தேயிலைகளில் ஒன்றை உண்டாக்குகிறது.

செங்கலடியில் மேற்கே திரும்பும் பதுளை வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை என்று போய், லுணுகலையில் மலையேறி, பசறை வழியாகப் பதுளையில் கொண்டுபோய் விடும். அதுதான் ஊவா. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுகிறது. ஹட்டனில் குடையில்லாமல் வெளியே இறங்க முடியாது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்றில் ஈரமில்லை. இறங்க இறங்கச் சூடேறுகிறது. ஊவா மலைகளை உலர்த்திவிட்டு, அம்பாறை வயல்களையும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையையும் கடந்து நம் முற்றத்துக்கு வரும்போது நாம் அதைக் கச்சான் என்று சொல்லி, யன்னலை அடைத்து, தலையிடிக்கிறது என்கிறோம். ஊவாத் தேயிலைக்காரர்களும் அதைக் கச்சான் காற்று என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் காற்றில் தேயிலைச் செடி வாடுகிறது. தண்ணீர் போதாமல் வளர்ச்சி மந்தமாகி, கொழுந்து சிறுத்து, மணம் தரும் பொருட்கள் இலையில் செறிகின்றன. யூலையிலிருந்து செப்டெம்பர் வரை பறிக்கும் ஊவாத் தேயிலைக்கு ஒரு குளிர்ச்சியான, மூக்கில் ஏறும் மணம் உண்டு. அதைக் கொடுக்கும் பொருட்களில் ஒன்று மீத்தைல் சலிசிலேற்று. தலையிடிக்கும் மூட்டு நோவுக்கும் பூசுகிற தைலங்களில் மணப்பதும் இதே பொருள்தான். நல்ல பருவத்து ஊவாப் பிளேன்ரீயை மூக்கருகே கொண்டுபோனால், முதல் முறை குடிப்பவருக்குக்கூட அந்த மணம் பிடிபடும். கொழும்பு ஏலத்தில் அந்த மாதங்களின் ஊவாத் தேயிலைக்குக் காத்திருந்து விலை கேட்பவர்கள் உண்டு.

நுவரெலியாத் தேயிலை வேறு மாதிரி. குளிரில் மெதுவாக வளர்வதால் நிறம் வெளிறி, மணம் மென்மையாக இருக்கும். அதில் பால் விடுவது பாவம் என்பேன். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையில் சாயம் கடும், கனம் அதிகம். நாட்டின் உற்பத்தியில் பாதிக்கு மேல் அதுதான். பால்ரீக்கு அது தோதான தேயிலை.

அடுத்து, பக்கற்றில் அச்சடித்திருக்கும் எழுத்துகள். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்பவை பெரும்பாலும் தூளின் அளவைத்தான் சொல்கின்றன. டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. அரிதட்டில் சலித்துப் பிரிக்கும்போது கடைசியாக விழும் பொடிதான் அது. வந்தது அதே கொழுந்திலிருந்து. தூள் சிறுத்தால் தண்ணீர் படும் பரப்புக் கூடும், சாயம் சட்டென்று இறங்கும். அதனால்தான் தேத்தண்ணிக் கடைகளில் டஸ்ட். வீட்டில் ஆறுதலாக ஊறவிட்டுக் குடிக்க பி.ஓ.பி. நல்லது. அவசரத்துக்கும் மணத்துக்கும் இடையில் நிற்பது பி.ஓ.பி.எஃப்.

கடைத் தேத்தண்ணியின் ருசி வீட்டில் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு வருவோம். அக்கரைப்பற்றுச் சந்தைப் பக்கம் ஒரு கடையில் நின்று பாருங்கள்.

"காக்கா, ஒரு பிளேன்ரீ. சாயம் கூட்டி."

"சீனி எப்பிடித் தம்பி?"

"அரைக் கரண்டி போதும். இஞ்சி தட்டிப் போடுங்க."

அவர் கை வேறெங்கும் பார்க்காமல் ஓடும். பொயிலரில் தண்ணீர் கொதித்தபடியே இருக்கிறது. தேயிலை நிரம்பிய துணி வடி ஒரு குவளைக்குள் தொங்குகிறது. அதில் கொதிநீரை ஊற்றி, வடியைத் தூக்கி, இறங்கிய சாயத்தை மறுபடி தேயிலை மேலேயே ஊற்றுகிறார். கிளாசில் சீனியும் நசுக்கிய இஞ்சித் துண்டும். அதன்மேல் கொஞ்சம் கடுஞ்சாயம், மிச்சத்துக்குக் கொதிநீர். பிறகு கையை உயர்த்தி ஒரு குவளையிலிருந்து மற்றதுக்கு ஆத்தும்போது நுரை எழுகிறது, சூடு குடிக்கிற பதத்துக்கு இறங்குகிறது, சீனி கரைகிறது. கிளாசை விளிம்பில் பிடித்து நம் முன் வைக்கும்போது மேலே அரை விரல் நுரை நிற்கும்.

இதில் கவனிக்கவேண்டியது இரண்டு. கொதிக்கிற தண்ணீர் எப்போதும் தயார். வீட்டில் நாம் காலையில் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைத்த தண்ணீரில் பத்து மணிக்குத் தேத்தண்ணி போடுகிறோம். அதில் நிறம் இறங்கும், மணம் இறங்காது. இரண்டாவது, சனம் நிறைந்த கடையில் வடியிலுள்ள தேயிலை அடிக்கடி மாறும். ஆளில்லாத கடையில் அதே சக்கையில் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். சக்கையிலிருந்து கடைசியில் இறங்குவது துவர்ப்பு மட்டும்தான். ஆகவே தேத்தண்ணிக்குக் கூட்டமுள்ள கடைக்கே போங்கள்.

வீட்டில் பலர் செய்யும் வேலை, சாயம் வேண்டும் என்று தேயிலையைப் போட்டுக் கொதிக்கவிடுவது. கஃபீனும் மணமும் முதல் சில நிமிடங்களிலேயே பெருமளவு இறங்கிவிடும். அதற்குப் பிறகு அடுப்பில் இருக்கும் நேரமெல்லாம் மணம் ஆவியோடு போகிறது, துவர்ப்பு ஏறுகிறது. சாயம் கூட வேண்டுமென்றால் தேயிலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, கொதிக்கும் தண்ணீர், மூடிவைத்து 3 முதல் 5 நிமிடம். தேயிலை ருசிபார்ப்பவர்களின் சர்வதேச முறையில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், 6 நிமிடம். ஆனால் அது குற்றங்குறை கண்டுபிடிப்பதற்கான கடும் சாயம், குடித்து மகிழ்வதற்கானது இல்லை.

எழுவான்கரையில் இருப்பவர்கள் தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் தேத்தண்ணியைப் பற்றிப் பேச முடியாது. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி என்று கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலத்தில் கிணற்றுத் தண்ணீர் வளவுக்கு வளவு மாறும். கோடை முற்றினால் சில கிணறுகள் சவர்த்துப்போகும். கடினத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் நிறம் கறுத்து மங்கும். கொஞ்ச நேரத்தில் மேலே எண்ணெய் மாதிரி மெல்லிய ஆடை படியும், கோப்பையின் ஓரத்தில் கறை ஒட்டும். அது எண்ணெயுமில்லை, கோப்பையின் அழுக்குமில்லை. தண்ணீரிலுள்ள கல்சியமும் தேயிலையின் பொலிஃபீனோலும் காற்றுப்பட்டுச் சேர்ந்த படலம் அது. துவர்ப்பும் துடிப்பும் அதோடு போய்விடும். கடைக்காரரையும் தேயிலைக் கம்பனியையும் பேசுவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் ஒன்று, கிணற்றுத் தண்ணீரில் ஒன்று, மாரியில் பிடித்த மழைத் தண்ணீரில் ஒன்று. ஒரே தேயிலை மூன்று தேத்தண்ணியாக நிற்கும்.

சவர்த் தண்ணீருக்கு மாற்று இல்லை. ஆனால் கடினத் தண்ணீருக்கு ஒரு கைமருந்து இருக்கிறது: சில துளி தேசிக்காய்ப் புளி. ஆடை படியாது. தேசிப்புளி விட்டவுடன் நிறம் வெளிறுவதைப் பார்த்துச் சாயம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். சாயப் பொருட்கள் புளிப்பில் நிறம் மாறிக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

பால் விட்டால் என்ன நடக்கிறது? பாலிலுள்ள புரதம் பொலிஃபீனோலைப் பிடித்துக்கொள்கிறது. வாயை இறுக்க அது அதிகம் மிஞ்சுவதில்லை. துவர்ப்பு அடங்கி, வழுவழுப்பும் கனமும் வருகின்றன. கடுஞ்சாயத் தாழ்நிலத் தேயிலைக்கு இது நன்மை. மணத்துக்காக வாங்கிய ஊவாவுக்கு நட்டம். சீனி விஷயத்தில் என் விருப்பம் பழைய முறைதான்: தேத்தண்ணியில் போடாமல் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி, அல்லது ஒரு சக்கரைத் துண்டு. அதை நாக்கில் தொட்டு, மேல் ஒரு மிடறு. இனிப்பும் துவர்ப்பும் மாறிமாறி வருவதால் ஒவ்வொரு மிடறும் புதிதாக இருக்கும். கரைத்துக் குடிப்பதைவிடச் சீனியும் குறைவாகப் போகும்.

உழுந்து வடைக்குப் பிளேன்ரீ ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கும் துவர்ப்புத்தான் காரணம். எண்ணெய் வாயில் வழுக்கலாகப் படிகிறது. துவர்ப்பு அதை அறுக்கிறது. அடுத்த கடி முதல் கடி மாதிரி ருசிக்கிறது. றோல்ஸுக்கும் இதே கணக்கு. தொதலுக்கும் மஸ்கற்றுக்கும் சீனியில்லாத கடுஞ்சாயத்தைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கச்சான் வெயிலில் படுவான்கரை வயலில் நிற்பவர், கொதிக்கக் கொதிக்கப் பிளேன்ரீ குடித்துவிட்டு "இப்பதான் உடம்பு குளிருது" என்பார். அது வெறும் மனப்பிரமை இல்லை. சூடான பானம் வியர்வையைக் கூட்டுகிறது. காற்று உலர்ந்திருந்தால் அந்த வியர்வை உடனே காய்ந்து உடலின் சூட்டைக் கொண்டுபோகிறது. புழுக்கமான நாளில், காற்றே அசையாத அறைக்குள் இது நடக்காது. வியர்வை வழியும், அவ்வளவுதான். ஊவாவில் இலைக்கு மணம் ஏற்றிய அதே கச்சான், இங்கே தேத்தண்ணி குடித்தவரின் முதுகையும் காயவைக்கிறது.

இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவலிருப்பவர் பரணில் வேறு காரணத்துக்காகக் குடிக்கிறார். நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து உறக்கத்தைக் கொண்டுவருகிறது. கஃபீன் அது உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கலாம், கோப்பியைவிடக் குறைவு. மரண வீட்டில் விடிய விடியப் பிளேன்ரீ கொடுப்பதும், நோன்பு மாதத்து இரவுகளில் காத்தான்குடி, ஏறாவூர்த் தேத்தண்ணிக் கடைகள் விழித்திருப்பதும் இந்தத் துணையோடுதான். உறக்கம் குறைவானவர்கள் இரவுக் கோப்பையைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிப்பதை மட்டும் தவிருங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பொலிஃபீனோல் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர்வது குறையும். கர்ப்பிணிகளும் இரத்தம் குறைந்தவர்களும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது. நாக்குப் பொசுங்கும் சூட்டிலும் குடிக்கவேண்டாம்.

தேயிலையை வாங்கியபின் கண்ணாடிப் போத்தலில் போட்டு யன்னலோரம் அழகுக்கு வைக்காதீர்கள். வெளிச்சமும் ஈரமும் அதைக் கெடுக்கும், மாரியில் இன்னும் வேகமாக. இறுக்கமான மூடியுள்ள தகர டின் போதும். மிளகாய்த்தூள், கறித்தூள், கருவாடு இருக்கும் தட்டில் அந்த டின்னை வைக்கக்கூடாது. தேயிலை பக்கத்து மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக, ஊவாத் தேயிலையில் ஒரு சின்னப் பக்கற்றும், நீங்கள் வழக்கமாக வாங்குவதில் ஒன்றும் எடுத்து, ஒரே தண்ணீரில், ஒரே அளவில், ஒரே நேரம் ஊறவிட்டுப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். நிறத்தைப் பாருங்கள், மணந்து பாருங்கள், ஒரு மிடறு எடுத்து மூக்கால் மூச்சு விடுங்கள். மிச்சத்தை ஆறவிடுங்கள். நல்ல சாயமுள்ள தேத்தண்ணி ஆறியதும் பால் விடாமலே கலங்கி நிற்கும். தியாஃபிளேவினும் கஃபீனும் சேர்ந்து திரள்வதால் வருவது அது, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. திரும்பச் சூடாக்கினால் தெளிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டு இரண்டையும் குடிக்கக் கொடுங்கள். அம்மாவுக்கு ஒன்று பிடிக்கும், பிள்ளைகளுக்கு மற்றது பிடிக்கும். இரண்டு டின்களில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.